நாப்பத்தேழுக்குப் பத்து மார்க்

அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு உங்க வீட்டம்மாவைப் பிடிக்குமா?

சிரிக்காதீங்க. பஸ்ல ஏறி உக்காந்ததும் பக்கத்து சீட்டுக்காரன் இப்படிக் கேக்குறானே, மறை கழண்ட கேஸோன்னுதான் நினைப்பீங்க. அப்படியெல்லாம் இல்ல. சிவகாசியில பிரஸ் வெச்சிருக்கேன். குணசீலன்னு யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. பதினாலு பேர் நம்மகிட்ட வேலை பாக்குறாங்க. பைத்தியக்காரன் நடத்துற பிரஸ்ல பதினாலு பேர் இருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க.

கேள்வி என்னோடது இல்ல அண்ணாச்சி. என் வீட்டுக்காரி கேட்ட கேள்வி. தமயந்தின்னு பேரு. பதினெட்டு நாளா கோவில்பட்டியில அவ தம்பி வீட்டுல இருக்கா. நேத்து போன்ல சொல்லிட்டா. ‘வீட்டுக்கு வராதீங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வரேன். நான் கேட்டதுக்கு அங்க வெச்சுப் பதில் சொல்லுங்க. பதில் சரியா இருந்தா உங்ககூட வரேன். இல்லேன்னா நீங்க அடுத்த பஸ்ல ஏறிருங்க, நான் இங்கயே இருந்துக்கிறேன்.’ அவ கேட்டது இதுதான்: ‘என்னை உங்களுக்குப் பிடிக்குமா?’

இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துனவன்கிட்டக் கேக்குற கேள்வியா இது? பொண்ணைக் கட்டிக் குடுத்து, பேரன் எடுத்து, காது குத்தும் முடிச்சாச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல நான் பதில் சொல்லியாகணும். சத்தியமா எது சரியான பதில்னு எனக்குத் தெரியல.

எல்லாம் ஒயினால வந்தது. அட, குடிகாரன் இல்ல அண்ணாச்சி, பயப்படாதீங்க. ஆயுசுல சொட்டு தொட்டதில்ல, அதுவரைக்கும்.

விவரமாச் சொல்றேன். எங்க பொழைப்பு காலண்டர் பொழைப்பு. மார்கழியோட காலண்டர் வேலை முடிஞ்சா, ஆனி வரைக்கும் மிஷின் ஈ ஓட்டும். அந்த நேரத்துக்கு லேபிள் ஆர்டர் கிடைச்சா கும்பிடு போட்டு வாங்கணும். பெங்களூர்ல மந்தண்ணான்னு ஒரு பெரிய மனுசன், கூர்க்குக்காரர், ஆனா தமிழ் நல்லாப் பேசுவார் படிப்பார், திராட்சைத் தோட்டம் போட்டு சொந்தமா ஒயின் எடுக்குறார். அவர் புதுசா ஒரு சிவப்பு ஒயின் கொண்டு வரப்போறார்னு கேள்விப்பட்டு, அலையா அலைஞ்சு, சாம்பிள் லேபிள் அடிச்சுக் குடுத்தேன். பாத்துட்டு, ‘தை மாசம் ஓட்டல்ல பெரிய டேஸ்டிங் வெக்கிறேன். நூத்திப் பத்து சிவப்பு ஒயின். என்கூடத் தொழில் பண்றவங்க எல்லாரும் குடும்பத்தோட வருவாங்க. நீங்களும் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அங்க முடிவு பண்ணிக்கலாம்’னார்.

நான் என்ன சொல்ல முடியும்? பிரஸ்ஸு கிடக்குற கிடப்புல, விஷத்தை டேஸ்ட் பாக்கணும்னாலும் போயிருப்பேன். ‘ஏ தமயந்தி, கிளம்பு’ன்னேன். எதுக்கு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. கிளம்பிட்டா. அப்படித்தான் அண்ணாச்சி இருந்தா அவ. அவளுக்கு என்ன வேணும்னு நான் கேட்டதே இல்ல. கேக்குற அளவுக்கு எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே வந்ததில்ல. அவ்வளவு ஒத்துமை.

அந்த ஹாலைப் பாக்கணுமே. எங்க ஊர் கல்யாண மண்டபம் ரெண்டு சேர்ந்த மாதிரி. வரிசையா மேஜை, வெள்ளைத் துணி. பாட்டிலுக்கெல்லாம் கழுத்து வரைக்கும் காகிதத்தைச் சுத்தி, மேல நம்பர் ஒட்டியிருந்தாங்க. எந்த ஒயின் எந்தக் கம்பெனின்னு யாருக்கும் தெரியக் கூடாதாம். மேஜைக்கு ஒரு டஜன் ஆளுங்க. ஆளுக்கு ஒரு தாள். நம்பர் போட்டு, கலர், வாசம், ருசி எழுதி, கடைசியில பத்துக்கு எத்தனை மார்க்னு போடணும். எந்த மொழியில வேணாலும் எழுதலாம்னாங்க. ஒவ்வொரு கிளாஸ்லயும் பச்சப்புள்ளைக்குப் புகட்டுற பாலாடை அளவுதான் ஊத்துவாங்க. வாயில வெச்சுக் கொப்புளிச்சிட்டு பக்கத்துல வாளி இருக்கு, துப்பிறணும். படிச்சவன், பணக்காரன், சபையில எல்லாம் பளிச் பளிச்சுன்னு துப்புறான். நம்ம பிரஸ்ல ஒருத்தன் வெத்தலை துப்புனா நான் சம்பளத்தைப் பிடிப்பேன்.

மந்தண்ணா மேஜை மேஜையா வந்து எல்லார் தாளையும் எடுத்துப் படிக்கிறார். சில தாளை சத்தமாவே படிக்கிறார். பள்ளிக்கூடத்துல பரிட்சைப் பேப்பர் திருத்திக் குடுக்குறப்ப வருமே ஒரு நடுக்கம், அது.

முதல் நம்பர் ஊத்துனாங்க. நான் ஒரு வாய் வெச்சேன். கசப்பு. முகத்துல காட்டக் கூடாதுன்னு முழுங்கிட்டு, மீதியை தமயந்தி பக்கம் நீட்டினேன். அது எங்க வீட்டுப் பழக்கம் அண்ணாச்சி. கல்யாணமான மறுநாள் காலையில எங்க அம்மா சொல்லி ஆரம்பிச்சது. ஒரே டம்ளர் காப்பி, பாதி நான் குடிப்பேன், மீதிப் பாதி அவ. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல. ஊர்ல எத்தனை வீட்டுல இந்த அன்னியோன்யம் இருக்கும்?

அங்க ஒரு கறுப்புக் கோட்டுப் பொண்ணு நின்னுச்சு, ஊத்திக் குடுக்குறதுக்கு. அது ஓடி வந்து, ‘வேண்டாம் சார், மேடத்துக்குத் தனி கிளாஸ் இருக்கு’ன்னு புதுக் கிளாஸை எடுத்து இவ முன்னாடி வெச்சு, ஊத்திட்டுப் போயிருச்சு. தமயந்தி அந்தக் கிளாஸைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் எடுத்தா. அங்கதான் அண்ணாச்சி வெதை விழுந்துச்சு. அந்தத் தனி கிளாஸ்லதான்.

முதல் பத்து நம்பர் வரைக்கும் பூனை மாதிரி இருந்தா. நான் என்ன செஞ்சேன், எதிர்ல உக்காந்திருந்த சூட்டுக்காரர் தாளை ஓரக் கண்ணால பாத்து, அவர் ஏழு போட்டா நான் ஏழு, அவர் ஆறு போட்டா நான் ஆறு. இவளையும் என்னதைப் பாத்து எழுதச் சொன்னேன். பதினொண்ணாவது நம்பர்ல பாக்குறேன், சொந்தமா எழுதிக்கிட்டு இருக்கா! ‘மருதாணி அரைச்ச கை வாசம். பிடிக்குது. எட்டு.’ அடுத்தது, ‘ஆஸ்பத்திரி வாசம். பிடிக்கல. ரெண்டு.’ அடுத்தது, ‘நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி இழுக்குது. பிடிக்குது. ஆனா ஒரு வாய்க்கு மேல வேணாம். அஞ்சு.’ கடகடன்னு எழுதுறா அண்ணாச்சி. எஸ்.எஸ்.எல்.சி.யோட படிப்பை நிறுத்துனவ. நான் மேஜைக்குக் கீழ அவ காலை மிதிச்சேன். காலை நகட்டிக்கிட்டா, எழுதுறதை நிறுத்தல.

அட, சாத்தூர் வந்துருச்சா? பாதி தூரம் போயிருச்சே. இருங்க, வெள்ளரிக்காய்க்காரி வர்றா, கூடையில காராச்சேவும் இருக்கு... காராச்சேவு ஒரு அரைக் கிலோ வாங்கிக்கவா? வெறுங்கையோட போய் நிக்கக் கூடாதுல்ல. அவளுக்குக் காராச்சேவு... பிடிக்குமா? எங்க வீட்டுல எனக்குப் பிடிக்கும்னு எப்பவும் இருக்கும். அவ தின்னு பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு. வேணாம். தப்பாப் போச்சுன்னா அது ஒரு வினையா வந்து நிக்கும். போம்மா, வேணாம். எதுவும் வேணாம்.

எங்க விட்டேன்? ஆங், பதிமூணு. நேரா நாப்பத்தேழுக்கு வந்துர்றேன். உக்காருங்க, பஸ் எடுத்துட்டான்.

நாப்பத்தேழாம் நம்பர் பாட்டில் மேஜைக்கு வருது. பாத்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. காகிதம் சுத்தியிருந்தா என்ன, நான் லேபிள் அடிக்கிறவன். எந்த பாட்டிலுக்குத் தோள் எங்க சரியுது, வயித்துல லேபிள் ஒட்ட எத்தனை அகலம் கிடைக்கும்னு கண்ணாலயே அளந்துருவேன். அந்த பாட்டிலை ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் மேஜையில வெச்சு டேப்பு போட்டு அளந்திருக்கேன். மந்தண்ணாவோட புது ஒயின்! அப்பாடான்னு இருந்துச்சு. நாக்கு எதுக்கு அண்ணாச்சி, கண்ணு இருந்தா போதும். வாயில வெச்சேன், முழுங்கினேன், தாள்ல எழுதினேன்: ‘பிரமாதம். இது மாதிரி ருசித்ததில்லை. பத்துக்குப் பத்து.’ அந்த மேஜையில மத்தவங்களும் எட்டு ஒன்பதுன்னுதான் போட்டாங்க. அவங்களுக்கும் ஏதோ துப்பு கிடைச்சிருக்கும்.

தமயந்தி கிளாஸை மூக்குக்கிட்ட கொண்டு போனா. எடுத்தா. மறுபடி கொண்டு போனா. ‘என்னங்க, இது நம்ம குடோன் வாசம்’னா.

‘என்னது?’

‘ஐப்பசி மழையில குடோன்ல தண்ணி ஏறி அட்டையெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சே, ஒரு வாரம் நான் காய வெச்சேனே. அந்த வாசம். ஊறிப்போன அட்டை வாசம்.’

‘அடிப்பாவி, மெதுவாப் பேசு. அது அவரோட ஒயின். பத்து போடு. ஒரு வார்த்தையும் எழுதாத, பத்து மட்டும் போடு’ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றேன். ‘தமயந்தி, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். ஆறு மாசத்து வேலை இதுல இருக்கு. பதினாலு குடும்பம்.’ அவ என்னைப் பாத்தா. ‘நாறுதுங்க’ன்னா. எழுதிட்டா. ‘நனைந்த அட்டை வாசம். பூஜ்யம்.’ நான் அந்தத் தாளைப் பிடுங்கக் கை நீட்டுறேன், தோளுக்கு மேல ஒரு கை வருது. மந்தண்ணா.

படிச்சார். சத்தமா இல்ல. மனசுக்குள்ள படிச்சார். அது இன்னும் பயமா இருந்துச்சு. அப்புறம் என் தாளை எடுத்தார். அப்புறம் இவ தாளை மறுபடி எடுத்தார். தமயந்தி கிளாஸை வாங்கி முகர்ந்து பாத்தார். முகம் சுண்டிப் போச்சு. கறுப்புக் கோட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு கன்னடத்துல ஏதோ சொன்னார். அது பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ஓடுது.

நான் எந்திரிச்சு நின்னுட்டேன். ‘அய்யா மன்னிக்கணும், அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பட்டிக்காடு’ங்குறேன்.

‘உக்காருங்க குணசீலன்’னார். ‘பாட்டிலை அடைச்சிருந்த கார்க்குத் தக்கை கெட்டுப் போயிருக்கு. நூறு பாட்டிலுக்கு ஒண்ணு ரெண்டு அப்படி ஆகும். ஒயின் படிச்சவங்க இதைத்தான் நனைஞ்ச அட்டை வாசம்னு சொல்வாங்க. இந்த மேஜையில பன்னெண்டு பேர் குடிச்சிருக்கீங்க. இந்தம்மா ஒருத்திதான் சொல்லியிருக்காங்க.’

விட்டதா? விடல. அதே ஒயின்ல வேற பாட்டில் வந்துச்சு. மந்தண்ணா அவர் கையால உடைச்சு அவளுக்கு ஊத்தினார். ‘இப்ப சொல்லும்மா’ங்குறார். நல்லாருக்குன்னு சொல்லுடி, சொல்லித் தொலைன்னு மனசுக்குள்ள கெஞ்சுறேன். அவ குடிச்சா. நிதானமா, ஏதோ தாலிக்குத் தங்கம் பாக்குற மாதிரி. ‘இப்ப அந்த வாசம் இல்ல அய்யா. நல்ல பொருள்தான். சுத்தமா இருக்கு. ஆனா எனக்குப் பிடிக்கல’ன்னா.

கேட்டீங்களா? நல்லா இருக்காம், ஆனா இவளுக்குப் பிடிக்கலையாம். யார் கேட்டா இவளுக்குப் பிடிக்குதா இல்லையான்னு?

அவர் கேட்டார் அண்ணாச்சி. ‘அப்ப எதும்மா பிடிச்சது?’ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து கேட்டார். இவ தாளைப் பாக்காமலே சொல்றா: ‘முப்பத்தெட்டு. லேசா இருந்துச்சு. களாக்காய் மாதிரி ஒரு புளிப்பு. முழுங்கின பிறகும் வாய் சந்தோஷமா இருந்துச்சு.’ அது அங்க இருந்ததுலயே விலை கம்மியான சரக்காம். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘உங்களுக்கு எது பிடிச்சது குணசீலன்?’னார்.

‘அய்யாவுக்கு எது பிடிக்குதோ அதுதான்’னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஜோக்கு சொன்னதா நினைச்சுட்டாங்க. மந்தண்ணா மட்டும் சிரிக்கல. என் தாளைத் தட்டிக் காட்டி, ‘நீங்க நனைஞ்ச அட்டைக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க’ன்னார். அவமானம் அண்ணாச்சி. முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்குறது? ஆர்டர் குடுத்தார், இல்லேங்கல. ஆனா எப்படிக் குடுத்தார்? ‘லேபிளை வீட்டம்மா பாத்து சரின்னு சொன்ன பிறகு அனுப்புங்க’ன்னார். முப்பது வருஷம் பிரஸ் நடத்துறவன்கிட்ட.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் நான் பெருந்தன்மையா ஒண்ணும் சொல்லல. மறந்துருவான்னு பாத்தேன். மறுநாள் காலையில காப்பி குடிச்சிட்டு பாதி டம்ளரை நீட்டுறேன். ‘வேணாங்க’ங்குறா. உடம்புக்கு என்னன்னேன். ‘உடம்புக்கு ஒண்ணுமில்ல. சீனி ஜாஸ்தி. ஆறியும் போயிருது. எனக்குப் பிடிக்கல’ங்குறா. இருபத்தாறு வருஷமா பிடிக்கலையாம்! அன்னைக்கு அடுப்படியில அஞ்சு டம்ளரை வரிசையா வெச்சு, ஒண்ணுல சீனி இல்லாம, ஒண்ணுல அரைக் கரண்டி, ஒண்ணுல கருப்பட்டின்னு போட்டு, நின்னுக்கிட்டே ஒவ்வொண்ணாக் குடிச்சுப் பாக்குறா. ‘என்னடி பண்றே’ன்னு கேட்டா, ‘எனக்கு எது பிடிக்கும்னு தெரியலங்க, பாத்துக்கிட்டு இருக்கேன்’ங்குறா.

அதோட நின்னுச்சா? ஒரு மாசம் அண்ணாச்சி. சாயங்காலம் டி.வி. பிடிக்கலையாம், மாடியில சும்மா உக்காந்திருக்கிறது பிடிக்குதாம். ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு பிடிக்கலையாம். என் தங்கச்சி வந்தா பத்து நாள் தங்குறது பிடிக்கலையாம், மூணு நாள்னா பிடிக்குமாம். சண்டை போடல, கோபப்படல. ரேஷன் கடையில பேர் வாசிக்கிற மாதிரி சாதாரணமாச் சொல்றா. எனக்கு வீட்டுக்குள்ள நடக்கவே பயமா ஆயிருச்சு. ஒவ்வொண்ணா நம்பர் போட்டுக்கிட்டே வர்றாளே, எங்கயாவது என் நம்பர் வருமில்ல? சோத்துல கை வெச்சா, அவ வாயைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன், இப்ப சொல்லிருவாளோ, இப்ப சொல்லிருவாளோன்னு.

தாங்க முடியாம ஒரு நாள் மத்தியானம் நானே கேட்டுட்டேன். ‘அப்ப என்னை? எனக்கு எத்தனை மார்க்? சொல்லிரு, இன்னைக்கே சொல்லிரு’ன்னு கத்திட்டேன்.

அவ சோறு போட்டுக்கிட்டு இருந்தா. கரண்டியை வெச்சா. ‘உங்களைப் பத்தி எனக்குத் தெரியுங்க. பல வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். அது என்கிட்ட இருக்கட்டும். உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?’ன்னு கேட்டா.

நான் என்ன சொன்னேன்? உள்ளதைத்தான் சொன்னேன். ‘எங்க அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்’னேன். இதுல என்ன தப்பு? உண்மைதானே? பொண்ணு பாக்கப் போனதே எங்க அம்மாவும் அத்தையும்தான். அம்மா சாகுற வரைக்கும் தமயந்தி தமயந்தின்னுதான் சொல்லிச்சு. இதைவிட என்ன பாராட்டு வேணும் ஒரு பொம்பளைக்கு?

அவ மறுபடி கரண்டியை எடுத்தா. எனக்கு சாப்பாடு போட்டா, மோர் ஊத்தினா. மறுநாள் காலையில பஸ் ஏறிட்டா. நானும் ஒரு வாரத்துல வந்துருவான்னு விட்டுட்டேன். வரல. தம்பிக்குப் போன் போட்டா, ‘அக்கா நல்லா இருக்காங்க மச்சான்’ங்குறான். நல்லா இருக்காளாம்! அதைக் கேட்ட நாள்ல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

இப்ப சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்லணும்? ‘பிடிக்கும்’னு சட்டுனு சொன்னா, இப்ப மட்டும் எப்படி வந்துச்சும்பா. அவ மூக்கு பொல்லாத மூக்கு, வாய் வார்த்தைன்னா கண்டுபிடிச்சுருவா. நல்ல பொம்பளை, குடும்பத்துக்கு ஏத்தவ, கெட்டிக்காரின்னு சொல்லலாம். ஆனா நல்ல பொருள்தான், பிடிக்கலன்னு சொன்னவளாச்சே, அது வேற இது வேறன்னு அவளுக்குத் தெரியும். உங்க வீட்டுல நீங்க என்ன சொல்வீங்க? நீங்க சொன்னதையே நானும் சொல்லிருவேன். என்ன அப்படிப் பாக்குறீங்க?

அய்யோ. கோவில்பட்டி வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்புறான் அண்ணாச்சி, இவன் ஏன் இன்னைக்கு இவ்வளவு வேகமா வந்தான்?

ஒரு உதவி பண்ணுங்க. ஜன்னல் ஓரத்துல இருக்கீங்கள்ல, கொஞ்சம் எட்டிப் பாத்து, கையில பை இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. துணிப் பை இருந்தா வர்ற முடிவோட வந்திருக்கான்னு அர்த்தம். இல்லேன்னா நான் இறங்கவே வேணாம், இப்படியே திரும்பிடுவேன். எந்தப் பொம்பளையா? ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும். தமயந்தி வந்து... உயரம். இல்ல, ரொம்ப உயரம்னு சொல்ல முடியாது. கலரு... மாநிறம்னுதான் வெச்சுக்கணும். முகம் வந்து... எப்படிச் சொல்றது, குடும்பப் பாங்கா இருப்பா. மூக்குத்தி போட்டிருப்பாளா? இருங்க. போட்டிருப்பா. போட்டிருக்க மாட்டாளோ?

கொஞ்சம் தள்ளுங்க, நானே பாக்குறேன்.

அதோ. அந்தக் கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்துல. அவதான். மூக்குத்தி போட்டிருக்கா அண்ணாச்சி, சிவப்புக் கல்லு. முன்னாடி முடி இவ்வளவு நரைச்சிருக்கு. கொய்யாப்பழம் தின்னுக்கிட்டு இருக்கா, உப்பு மிளகாப்பொடி போட்டு. வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாக்குறா. என் பஸ்ஸைத் தேடுறா. வண்டிக்காரி என்னமோ சொல்றா, இவ சிரிக்கிறா. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கிறா, விரல்ல மிளகாப்பொடி. இன்னும் நம்மளைப் பாக்கல.

பையா? எந்தப் பை? நான் பாக்கலையே.

அண்ணாச்சி... நல்லா இருக்கா, இல்ல?

வேணாம். நீங்க சொல்லாதீங்க. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. காலைக் கொஞ்சம் மடக்குங்க, நான் இறங்கணும்.